வேலையும் வேளையும்

மாலை மயங்கி வீடுதோறும் விளக்கேற்றிய பின்னர், நம் காலனியில் ஒரு வினா எழுவதுண்டு. ‘இன்றிரவு சோறா, சப்பாத்தியா?’ என்பதே அது. பாட்டியார் சோறு என்பார். மருமகள் சப்பாத்தி என்பாள். குருதிச் சோதனை செய்துகொண்டு திரும்பிய தாத்தா, இரண்டிற்கும் அஞ்சிப் பாலும் பழமும் போதும் என்பார். இரவு ஷிப்டுக்குப் புறப்படும் மகனோ, எதுவாயினும் விரைவில் வேண்டும் என்பான். வினா சிறிது, அதன் பின்னே நிற்கும் வரலாறு பெரிது. எவ்வேளையில் எதனை உண்பது என்பதை நம் முன்னோர் எங்ஙனம் முடிவு செய்தனர், அம்முடிவு பின்னர் யார் கைக்கு மாறிற்று, இன்று நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இவ்வாண்டு மலரில் சிறிது ஆராய்வோம்.

இது பொழுதுபோக்கிற்காகச் செய்யும் ஆராய்ச்சியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த பேராய்வொன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு நோயுடையர் என்றும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அந்நோயின் வாயிலில் நிற்கின்றனர் என்றும் அது கணக்கிட்டது. நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொண்டால், இந்நோய் எட்டிப் பாராத இல்லங்கள் எத்தனை என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆதலின், சோறா சப்பாத்தியா என்னும் வினா நம் குடும்பங்களின் வாழ்நாளைப் பற்றிய வினாவே ஆகின்றது.

ஆராயப் புகுமுன் இரு சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கிழங்கு ஆகியவற்றில் மிகுந்திருப்பது மாவுச்சத்து. பருப்பு, பயறு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் மிகுந்திருப்பது புரதம். முன்னது உடலை இயக்கும் எரிபொருள்; பின்னது உடலைக் கட்டும் பொருள். இவ்விரண்டையும் எப்பொழுது, எவ்வளவு உண்பது என்பதே நம் ஆராய்ச்சியின் பொருள்.

பசியே கடிகாரம்

பண்டைத் தமிழர் பொழுதை அளக்க அறியாதவர் அல்லர். ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். வைகறை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளை வகுத்து, அவற்றைத் திணைகளோடு பொருத்தி இலக்கணம் கண்டது தொல்காப்பியம். இத்துணை நுட்பமாகப் பொழுதைப் பகுத்த மக்கள், உணவுக்கு மட்டும் நாழிகைக் கணக்கை முதலாக வைக்கவில்லை என்பது வியப்பிற்குரியது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதனை நோக்குக. மருந்தென்று பெயரிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் பெரும்பாலும் உணவையே பேசுகின்றார். முன்னர் உண்டது செரித்ததை அறிந்தபின் உண்க; அளவறிந்து உண்க; உடலோடு மாறுபடாததை உண்க; நன்கு பசித்தபின் உண்க என்பனவே அவர் தரும் கட்டளைகள். காலையில் இன்னது, மாலையில் இன்னது என்று அவர் விதிக்கவில்லை. வயிறு காட்டும் நேரமே நேரம் என்பது அவர் கருத்து.

சித்த மருத்துவ மரபில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி இன்னும் ஒருபடி மேலே சென்று, நாளுக்கு இருபொழுது உண்ணுதலே முறை, மூன்றாம் பொழுது வேண்டா என்கின்றது. பசியாதபொழுது உண்ணுதல் ஆகாது என்பதையும் அது வலியுறுத்துகின்றது. ஒருவேளை உண்பவன் யோகி, இருவேளை உண்பவன் போகி, மூவேளை உண்பவன் ரோகி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம் அல்லவா? அச்சொல்லும் இம்மரபில் வந்ததே. தமிழகத்தில் பல நூற்றாண்டுகள் தழைத்திருந்த சமணம் கதிரவன் மறைந்தபின் உண்ணுதலை விலக்கிற்று. பௌத்தம் தன் துறவியர்க்கு நண்பகலுக்குப் பிந்திய உணவை விலக்கிற்று. இவர்கள் கூறிய காரணங்கள் அறத்தின்பாற்பட்டவை. ஆயினும், இரவுணவு குறுக வேண்டும் என்னும் எண்ணம் நம் மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அவையும் சான்றாம்.

இனி, எதனோடு எதனை உண்டனர் என்பதற்குக் கோயிற் கல்வெட்டுக்கள் துணை செய்கின்றன. சோழர் காலத்தில் திருவமுதுக்கென நிவந்தம் விட்டோர், அரிசியை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. பருப்பு, நெய், தயிர், கறியமுது எனத் தனித்தனியே அளவு குறித்தனர். இறைவனுக்குப் படைக்கும் உணவு மக்கள் சிறந்ததெனக் கருதிய உணவேயாகும். சோற்றுக்குத் துணை பருப்பும் தயிரும் என்னும் இலக்கணம் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இவ்விலக்கணத்தை நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டும்.

ஏர் பிடித்தவர் உணவு

கோயிலும் மடமும் ஒருபுறம் இருக்க, உழைத்த மக்கள் உண்ட முறை யாது? விடியற்காலையில் நீராகாரம், பழைய சோறு, அல்லது கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளச் சிறு வெங்காயம், மிளகாய், மோர். கடலோரமாயின் ஒரு துண்டுக் கருவாடு. நண்பகலில் வயலுக்கே வந்து சேரும் கலயம். இரவில் அடுப்பு மூட்டிச் சமைத்த சுடுசோறும் குழம்பும். இரவுணவும் விளக்கு வைத்த சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். எண்ணெய் விலையுள்ள பொருளாதலால் விளக்கு நெடுநேரம் எரிவதில்லை. அடுத்த உணவு மறுநாள் விடியலிலேதான்.

இம்முறையின் பொருத்தத்தைக் காண்க. மாவுச்சத்து மிகுந்த காலையுணவை உண்டவன், உண்ட கையோடு மண்வெட்டியை எடுத்தான். உண்ட எரிபொருள் உடனே எரிந்தது. கேழ்வரகிலும் கம்பிலும் தவிடு நீங்காமையால், அது மெல்ல மெல்ல எரிந்தது. அடுத்த உணவு வருமுன் முன்னது முற்றும் தீர்ந்தது. வள்ளுவர் சொன்ன பசி நாள்தோறும் தானே வந்து அழைத்தது. ஆயினும் இம்முறையைப் பொற்காலமென்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. அவ்வுணவில் புரதம் குறைவு. ஏழையின் கலயத்தில் பருப்பு விழும் நாள் சிலவே. பாலும் தயிரும் கறந்த வீட்டிலேயே தங்காமல் விற்பனைக்குப் போயின. வேளை சரியாக இருந்தது. பொருள் குறைவாக இருந்தது. இஃது உண்மை வரலாறு.

மணியும் சங்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசியின் இடத்தைக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. சென்னை வானாய்வகம் கணித்த ‘சென்னை நேரம்’ இருப்புப்பாதைகளின் பொது நேரமாக வழங்கிற்று. 1906இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் ஏற்பட்டது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் பழைய நேரங்களை விடாமல் வைத்திருந்தன. வண்டியும், அலுவலகமும், நீதிமன்றமும், பள்ளியும் மணியடித்துத் தொடங்கின. மணி அடிக்கும் முன்னர் உண்டாக வேண்டும் என்பது புதிய அறமாயிற்று.

அலுவலகம் சென்ற தமிழர் இல்லங்களில் காலை ஒன்பது, ஒன்பதரை மணிக்கே முழுச் சாப்பாடு முடிந்தது. நண்பகற் சோறு இரண்டரை மணி முன்னதாக நகர்ந்தது. அதனால் பிற்பகலில் ஒரு வெற்றிடம் ஏற்பட்டது. அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்ததே ‘டிபன்’. இச்சொல் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் நண்பகற் சிற்றுணவிற்கு வழங்கியது. நாம் அதனை வாங்கி, இட்டலிக்கும் தோசைக்கும் உப்புமாவுக்கும் பொதுப்பெயராக்கினோம். அதிகாலையில் நீராகாரம் இருந்த இடத்தைக் காப்பி பிடித்தது. உ.வே. சாமிநாதையர் தம் இளமையைப் பற்றி எழுதும்பொழுது, அக்காலத்தில் காப்பி இல்லை என்று குறித்திருக்கின்றார். அவர் பிறந்தது 1855இல். ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் தமிழரின் காலைப்பொழுது எவ்வளவு மாறிவிட்டது!

இங்கே இட்டலியின் வரலாற்றையும் ஒரு சொல் கூற வேண்டும். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூல் இட்டலியைக் குறிக்கின்றது. அக்காலத்து இட்டலி உளுந்தினால் மட்டுமே ஆனது, அரிசி பின்னரே அதிற் சேர்ந்தது என்பர் உணவு வரலாற்று ஆசிரியர். புரத உணவாகப் பிறந்தது, காலப்போக்கில் மாவுச்சத்து உணவாக வளர்ந்தது. இன்று ஒரு பங்கு உளுந்துக்கு மூன்று பங்கு, நான்கு பங்கு அரிசி சேர்க்கின்றோம். நான்கு இட்டலியில் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 8 கிராமே.

ஆலைத் தொழிலாளர்க்கோ மணிக்கு மாறாகச் சங்கு ஊதிற்று. கோலார்த் தங்கவயலில் வடார்க்காட்டுத் தமிழர் 1880களிலிருந்தே நிலத்தடியில் உழைத்தனர். பம்பாயில் பஞ்சாலைகளும், ஜாம்ஷெட்பூரில் உருக்காலையும் நம்மவரை ஈர்த்தன. கொதிகலன் இரவில் உறங்குவதில்லை. ஆதலால் மனிதனும் மூன்று முறையாகப் பிரிந்து உழைக்க நேர்ந்தது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என வாழ்க்கை சுழன்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது, அரை மணியேனும் ஓய்வு வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் உழைக்கும் இடத்தில் உணவகம் வேண்டும் என்றது. உண்ணும் வேளையை அரசே சட்டத்தால் காத்தாக வேண்டிய காலம் வந்துவிட்டது. பம்பாயில் 1890 அளவில் தொடங்கிய டப்பாவாலாக்களின் தொழிலும் இக்காலத்தின் குழந்தையே. மனிதன் உணவிடம் செல்ல இயலாமையால், உணவு மனிதனிடம் சென்றது. நம் தாய்மார் அதிகாலையில் எழுந்து கட்டிக்கொடுத்த அடுக்குப் பாத்திரங்களை நினைத்துப் பார்ப்போமாயின், அவற்றின் மேலடுக்கில் தயிர்சோறும், கீழடுக்கில் சாம்பார் சோறும் இருந்தமை நினைவிற்கு வரும். பருப்பு எங்கே என்று தேடத்தான் வேண்டும்.

குன்னூர் தந்த பாடம்

உண்ணும் வேளை இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, உண்ணும் அரிசியும் மாறிற்று. உரலும் உலக்கையும் போய் அரவை ஆலைகள் வந்தன. அரிசி முத்துப்போல் வெளுத்தது. தவிட்டோடு சத்தும் போயிற்று. சென்னை மாகாணத்தின் வடபால், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவிற்று. அதனை ஆராய 1918இல் நீலகிரிக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அந்த ஓர் அறையே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கின்றது. சேலத்திற் பிறந்த மருத்துவ மேதை சி. கோபாலன், பின்னர் அதன் இயக்குநராக இருந்து அதற்குப் பெருமை சேர்த்தார்.

பெரிபெரி ஆராய்ச்சியில் தமிழர்க்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. புழுங்கலரிசி உண்டவர்களை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்பொழுது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. நெல் அவித்த நம் பாட்டிமார் இக்காரணத்தை அறிந்திலர், பயனை அறிந்திருந்தனர்.

ஆனால் மெக்காரிசனின் மற்றோர் ஆராய்ச்சி நம்மைத் தலைகுனிய வைப்பது. 1920களில் அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சென்னைப் பகுதி உணவை உண்டவை கடைசியில் நின்றன. முழுக்கோதுமைச் சப்பாத்தியோடு பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றை முன்னவை பெற்றன. பின்னவற்றுக்கு அரிசி மிகுதி. பாலும் பருப்பும் சொற்பம். கோதுமை வென்றது, அரிசி தோற்றது என்று இதனைப் பலர் பொருள் கொண்டனர். அஃது அரைகுறைப் பொருளே. தோற்றது அரிசியன்று, துணையில்லாத அரிசி. கல்வெட்டுக் குறித்த பருப்பும் தயிரும் உடன் வந்திருப்பின், அவ்வெலிகளின் கதை வேறாக இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அரிசிப் புரதத்தில் குறைவது பருப்புப் புரதத்தில் நிறைகின்றது. பருப்பில் குறைவது அரிசியில் நிறைகின்றது. இணைந்தால் இரண்டும் நிறைவடையும் என்பது பின்வந்த உணவியலார் நிறுவிய உண்மை.

பங்கீட்டு அட்டையும் கோதுமையும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943இல் வங்கத்தில் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. அவ்வாண்டே பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. வடபுலத்தில் வாழ்ந்த தமிழர், பங்கீட்டுக் கடையில் அரிசி கேட்டுக் கோதுமை பெற்றுத் திரும்பினர். 1956க்குப் பின் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965இல் போரும் பற்றாக்குறையும் சேர்ந்து வந்தபொழுது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை, திங்கட்கிழமை மாலையுணவை விடுமாறு நாட்டு மக்களை வேண்டினார். உணவு விடுதிகள் பல அம்மாலைகளில் அடைத்துக் கிடந்தன. நம் காலனிகளின் மூத்தோர் சிலர் அந்தத் திங்கட்கிழமைகளை இன்றும் நினைவுகூர்வர்.

இரவில் சப்பாத்தி என்னும் வழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றியது இத்தகைய சூழ்நிலையிலேதான். இருக்கும் சிறிது அரிசியைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, இரவுக்குக் கோதுமையைப் பிசைந்தனர். பஞ்சாபி அண்டை வீட்டார் மாவு பிசையக் கற்பித்தனர். நாம் அவர்களுக்கு இட்டலி மாவு அரைக்கக் கற்பித்தோம். தேவை பழக்கமாயிற்று, பழக்கம் பின்னர் மருத்துவ உண்மை போலவே நிலைத்துவிட்டது. ஆனால் நோக்குங்கள்: பஞ்சாபியர் சப்பாத்தியோடு பருப்பும், ராஜ்மாவும், தயிரும் உண்டனர். நாம் சப்பாத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்கு உருளைக்கிழங்கைத் துணையாக்கினோம். மாவுச்சத்துக்கு மாவுச்சத்தே துணையாயிற்று. மெக்காரிசனின் எலிகள் கற்பித்த பாடத்தை நாம் பாதியே கற்றோம்.

பள்ளி மணி அடிக்கும்பொழுது

உணவு வேளையைப் பொதுப்பணியாகக் கருதிய பெருமை தமிழகத்திற்கு உண்டு. 1920 அளவில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகலுணவைத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதனை மாநிலமளாவிய அறமாக்கினார். 1982இல் எம்.ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் அவ்வுணவோடு முட்டை சேர்ந்தது. சோற்றுக்குப் புரதம் துணையாயிற்று. ஆயினும் முதல் இரண்டு மூன்று பாடவேளைகளில் குழந்தைகள் வெறும் வயிற்றோடு அமர்ந்திருந்தனர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலையுணவுத் திட்டம் தொடங்கப் பெற்று, 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. உப்புமாவும், கிச்சடியும், பொங்கலும் சாம்பாரோடு பரிமாறப்பெறுகின்றன. எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதும் முதன்மையானது என்பதை ஒரு நூற்றாண்டுப் பட்டறிவு உணர்த்திற்று.

இன்றைய அறிவியல் சொல்வது

உடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு என்பதை அறிவியல் இன்று நன்கு நிறுவியுள்ளது. அக்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவர்க்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒரே அளவு சர்க்கரையைக் காலையில் உட்கொண்டால் குருதியில் ஏறும் அளவைவிட, மாலையில் உட்கொண்டால் ஏறும் அளவு மிகுதி என்பதை மருத்துவர் 1970களிலேயே கண்டிருந்தனர். பகலில் விழிப்போடிருக்கும் கணையம், இரவில் சோர்வடைகின்றது. ஆதலால் மாவுச்சத்தின் பெரும்பகுதியைப் பகலில் முடித்துக்கொண்டு, இரவில் குறைத்தல் நன்று. இரவுணவை முன்மாலையிலேயே முடித்தல் அதனினும் நன்று. விளக்கெண்ணெய் மிச்சமாகட்டும் என்று பொழுதோடு உண்ட உழவனின் வழக்கமும், இரவுண்ணாமை பேணிய சமணரின் நோன்பும் இவ்வகையில் உடலுக்கு இசைந்தனவாகவே அமைந்திருந்தன.

இரவு ஷிப்டில் உழைக்கும் நம் மக்களுக்கு ஒரு செய்தி. 2021இல் அமெரிக்காவில் 19 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அனைவரும் இரவு வேலைபோல் விழித்திருந்தனர். இரவிலும் உண்டவர்களின் சராசரிக் குருதிச் சர்க்கரை 6.4 விழுக்காடு ஏறிற்று; பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வேற்றம் நிகழவில்லை. சிறிய ஆய்வேயாயினும் கருதத்தக்கது. இரவு வேலைக்குச் செல்வோர், புறப்படுமுன் மாலையிலேயே முழுவுணவை முடித்துக்கொண்டு, நள்ளிரவில் சோற்றுப் பொட்டலத்திற்கு மாறாகச் சிறிது சுண்டலோ, மோரோ, வேகவைத்த முட்டையோ கொள்வது தக்கது.

புரதத்தின் செய்தி வேறு. மாவுச்சத்தைப்போல உடல் அதனைப் பெரிதும் சேமித்து வைப்பதில்லை. ஆகவே ஒரே வேளையில் குவிப்பதினும், மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது நன்று. காலையிலும் அது வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு வல்லுநர் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம். 100 கிராம் உலர்ந்த பருப்பில் 22 கிராம் அளவில் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால், நம் இல்லங்களில் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுவது புலனாகும். இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என்று 2025இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. புரதத்தின் பங்கு 12 விழுக்காட்டளவே.

உண்ணும் வரிசைக்கும் பயனுண்டு. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, சோற்றையோ ரொட்டியையோ பின்னர் உண்டால், குருதிச் சர்க்கரையின் ஏற்றம் தணிகின்றது எனச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் தலைவாழையிலையில் முதலில் விழுவன பொரியலும் கூட்டும் அல்லவா? சோறு பின்னரே வருகின்றது. இலையில் வைத்ததைச் சோறு வரும்வரை பார்த்துக்கொண்டிராமல், உண்ணத் தொடங்குவதே நாம் செய்ய வேண்டிய மாறுதல். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வேளையும் வரிசையும் துணை, அளவே தலைமை. மூன்று மடங்கு சோற்றைக் காலையில் உண்டு, வேளை தவறவில்லை என்று மகிழ்வதாற் பயனில்லை. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், தம் மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்றுதலும் கூடாது. மருந்தின் வேளை உணவின் வேளையோடு பிணைக்கப்பட்டுள்ளது.

விடை

இனி, தொடக்கத்து வினாவிற்குத் திரும்புவோம். சோறா, சப்பாத்தியா? வரலாறு தரும் விடை இது: இரண்டும் ஓரினமே, எதுவாயினும் அளவு குறைக, பொழுதோடு உண்க, பருப்போ தயிரோ முட்டையோ உடன் வருக.

வேளை என்பது வேலையைப் பின்தொடர்ந்து வந்தது. உழவன் உழைப்புக்கு முன் உண்டான். எழுத்தர் மணிக்கு முன் உண்டார். தொழிலாளி சங்குக்கு முன் உண்டான். நம்மிற் பலர்க்கு இன்று அந்த மண்வெட்டியும் இல்லை; சம்மட்டியும் இல்லை. நாற்காலியே வேலைக்களம். ஆனால் உழவன் உண்ட அளவுச் சோற்றை, எழுத்தர் பெற்ற டிபனோடு சேர்த்து, ஆலைக்காரர் உண்ட இரவு வேளையில் உண்கின்றோம். மூன்று காலத்து உணவையும் சுமந்துகொண்டு, மூன்று காலத்து உழைப்பையும் இறக்கிவைத்துவிட்டோம். நோய்க்கு வேறு காரணம் தேடிப் பயனென்ன?

நம் தந்தையர் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக இவ்வூர் வந்து இறங்கினர். வேலைக்கு ஏற்ப உணவை மாற்றிக்கொண்டனர். கோதுமைக்கு முகம் சுளிக்காமல் கைப்பழக்கம் செய்துகொண்டனர். அவர்களால் இயன்றது நம்மால் இயலாததன்று. நாளை காலை இட்டலித் தட்டில் ஓர் இட்டலி குறைந்து, ஒரு கிண்ணம் பயறு கூடட்டும். விளக்கேற்றிய சிறிது நேரத்தில் குடும்பத்தோர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்டு முடிக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவிலும், அதற்கடுத்த ஆண்டு விழாக்களிலும் நம் தாத்தாமாரும் பாட்டிமாரும் முன் வரிசையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளின் நாடகத்தைக் கண்டு களிக்க வேண்டும். அதற்கு நாம் இடும் முதல் நாற்காலி, நம் அடுக்களையிலேயே இருக்கின்றது.